பழைய ஃபோர்டு ரேஞ்சரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: வாங்குவதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

அமெரிக்காவில் குளிர் அதிகமான மாநிலத்தில் பின்சக்கர இழுவை கொண்ட பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பின்சக்கரம் பனிக்கட்டி மேலும் மற்றொன்று உலர்ந்த தார் மேலும் நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பனியில் நிற்கும் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி. சாதாரணமான 'ஓப்பன்' டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். வழுக்கும் சக்கரத்துக்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு என்பதால் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போய்ச் சேரும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இந்தக் கட்டுப்பாட்டை ஓரளவு தளர்த்திப் பிடிப்புள்ள பக்கத்துக்குக் கூடுதல் விசையை அனுப்புகிறது.

1990-களிலிருந்து 2011 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ரேஞ்சரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான வண்டி அதுதான். இந்த வேலையைச் செய்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஸ்பேனர் பிடிக்கும் வேலையைவிட அதற்கு முந்தைய வேலையே கடினம். எந்த ஆக்ஸில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு), எத்தனை ஸ்ப்ளைன் (ஆக்ஸில் ஷாஃப்ட் முனையின் வரிப்பற்கள்), என்ன விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத்து ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது) என்ற மூன்றையும் உறுதி செய்யாமல் பொருள் வாங்குகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். தகவல் இல்லாமல் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறது, அதில் பாதி வேறு வண்டிக்கு உரியது. ஆகவே கட்டுரையின் முதல் பாதி முழுவதும் வாங்குவதைப் பற்றியது. அதைத் தாண்டிவிடாதீர்கள்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆக்ஸில்?

ரேஞ்சரில் இரண்டு விதப் பின் ஆக்ஸில்கள் வந்தன. ஒன்றில் கிரவுன் வீலின் விட்டம் 7.5 அங்குலம், மற்றொன்றில் 8.8 அங்குலம். (எஞ்சினிலிருந்து பின்னே வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம் இருக்கும், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமே கிரவுன் வீல். அமெரிக்கக் கடைகளில் கிரவுன் வீலை 'ரிங் கியர்' என்றுதான் கேட்க வேண்டும்.) நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 7.5 இருக்கும், 4.0 லிட்டர் எஞ்சின் வண்டிகளில் பெரும்பாலும் 8.8 இருக்கும். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டக் கூடாது. இரண்டிலும் பின்மூடியில் 10 போல்ட்தான், ஆகவே போல்ட்டை எண்ணி முடிவு செய்யவும் முடியாது.

மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சான்று லேபிள். அதில் ஆக்ஸில் என்ற தலைப்பின் கீழ் எழுத்தோ எண்ணோ இரண்டு இடங்களில் கொண்ட குறியீடு இருக்கும். இரண்டும் எண்களாக இருந்தால் வண்டி ஆலையிலிருந்து ஓப்பன் டிஃபரன்ஷியலுடன் வந்தது. முதல் இடத்தில் ஆங்கில எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப்புடன் வந்தது. எடுத்துக்காட்டாக, 'டி4' என்றால் 8.8 ஆக்ஸில், 3.73 விகிதம், லிமிடெட் ஸ்லிப். இந்த லேபிளைத் தெளிவாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடைக்காரர் கேட்கும் முதல் ஆவணம் இதுதான், தயாரிப்புத் தேதியும் அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது, டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் மாட்டியிருக்கும் சிறிய உலோகத் தகடு. துரு ஏறியிருந்தால் கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் படியுங்கள். '3 எல் 73' என்பதுபோல் எண்களுக்கு நடுவே 'எல்' இருந்தால் லிமிடெட் ஸ்லிப். அந்த எழுத்து இல்லாமல் '3 73' என்று மட்டும் இருந்தால் ஓப்பன். '8.8' அல்லது '7.5' என்ற அளவும் அதே தகட்டில் அச்சாகியிருக்கும்.

மூன்றாவது, ஆக்ஸிலையே நேரில் பார்ப்பது. பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் ஆக்ஸிலை மாற்றியிருக்கலாம். அப்படியானால் கதவு லேபிள் சொல்வது உண்மையாக இருக்காது. பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, தாங்கிகள் மேல் பத்திரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் ஓப்பன் போலவே நடந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். லேபிளும் தகடும் லிமிடெட் ஸ்லிப் என்று சொல்லியும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால், உங்களுக்குத் தேவை புது டிஃபரன்ஷியல் அல்ல. கிளட்ச் தட்டுகளை மாற்றினால் போதும். செலவு பல மடங்கு குறையும்.

விகிதம் தெரியாவிட்டால், ஓப்பன் வகையில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று வந்தால் 3.73. மூடியைத் திறந்த பிறகு பற்களின் எண்ணிக்கையை வைத்தும் உறுதி செய்யலாம்: 41 பல்லுக்கு 11 பல் என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10.

2. ஸ்ப்ளைன் எண்ணிக்கை: பணம் போகும் இடம்

ஆக்ஸில் ஷாஃப்ட்டின் உள்முனையில் உள்ள வரிப்பற்கள்தான் ஸ்ப்ளைன். ரேஞ்சரின் 8.8 ஆக்ஸிலில் அவை 28. 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்புளோரரின் 8.8 ஆக்ஸிலில் 31. எஃப்-150 வண்டியின் 8.8 ஆக்ஸிலிலும் பொதுவாக 31 இருக்கும். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எக்ஸ்புளோரரிலிருந்து எடுத்த லிமிடெட் ஸ்லிப் உங்கள் ஹவுசிங்கில் (ஆக்ஸிலின் வெளிக்கூட்டில்) அழகாக உட்காரும், ஆனால் உங்கள் ஷாஃப்ட் அதன் உள்ளே பொருந்தாது. '8.8 டிராக்ஷன் லாக்' (ஃபோர்டின் லிமிடெட் ஸ்லிப்பின் பெயர்) என்று மட்டும் எழுதி விற்கும் விளம்பரங்களில் இந்த எண்ணைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்ப்ளைனை எண்ணி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

28 ஸ்ப்ளைனுக்குப் பொருந்தும் பழைய உதிரிக்கு நல்ல மூலங்கள் மூன்று: 8.8 கொண்ட மற்றொரு ரேஞ்சர், அதே வண்டியே வேறு பெயரில் வந்த மஸ்தா பி வரிசை, 1986 முதல் 2004 வரையிலான வி8 மஸ்டாங் ஜிடி. மஸ்தாவைத் தேடுகிறவர்கள் குறைவு என்பதால் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் அதன் பின் ஆக்ஸில் தொடப்படாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். மஸ்டாங்கிலிருந்து எடுத்தால் அதில் ஏபிஎஸ் பல்வளையம் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சார் வேகத்தை அறியப் பார்க்கும் வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

எக்ஸ்புளோரரின் முழு ஆக்ஸிலையும் கழற்றி ரேஞ்சரில் மாட்டும் வழியும் உண்டு. டிஸ்க் பிரேக்கும் தடித்த ஷாஃப்ட்டும் கூடவே கிடைக்கும் என்பதால் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் எக்ஸ்புளோரரில் ஆக்ஸில் இலைவில்லுக்கு மேலே இருக்கும், ரேஞ்சரில் கீழே இருக்கும். வில் உட்காரும் தாங்கிகளை வெட்டி எடுத்து, சரியான கோணத்தில் புதியவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். பிரேக் குழாயும் கைப்பிரேக் கம்பியும் மாறும். வெல்டிங் தெரியாதவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் முன் ஆக்ஸிலின் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முன் இழுவையைப் போட்டவுடன் உள்ளே பற்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதேனும் உடையும்.

இந்தக் கட்டுரை சொல்வது எளிய வழி. உங்கள் கிரவுன் வீலும் பினியனும் அப்படியே இருக்கட்டும், அவற்றைத் தாங்கும் கேரியரை மட்டும் மாற்றுங்கள். பினியனைத் தொடாததால் அதன் ஆழத்தைப் புதிதாக அமைக்கும் நுட்பமான வேலை இல்லை. ஃபோர்டு 8.8-இல் எல்லா விகிதங்களுக்கும் ஒரே கேரியர் பொருந்துவது பெரிய வசதி. எல்லா ஆக்ஸிலிலும் அப்படி இல்லை. டேனா 44-இல் 3.73-க்கும் அதற்குக் கீழும் ஒரு கேரியர், 3.92-க்கும் அதற்கு மேலும் வேறொன்று. வேறு நிறுவன வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

3. எந்த வகை வாங்குவது?

கிளட்ச் வகை: ஃபோர்டின் டிராக்ஷன் லாக் இதுதான். பக்கப் பற்சக்கரங்களுக்குப் பின்னால் உராய்வுத் தட்டுகள் அடுக்கியிருக்கும், நடுவில் 'எஸ்' வடிவ வில் அவற்றை அழுத்திப் பிடிக்கும். விலை குறைவு, பழையது எளிதில் கிடைக்கும், தட்டுகள் தேய்ந்தால் மாற்றலாம். எண்ணெயில் உராய்வு மாற்றி (தட்டுகள் அதிராமல் வழுக்க உதவும் சேர்க்கைத் திரவம்) கலந்தே தீர வேண்டும்.

ஹெலிக்கல் பற்சக்கர வகை: ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூடிராக் இதில் புகழ்பெற்றது. தேய்வதற்குத் தட்டுகள் கிடையாது, உராய்வு மாற்றியும் தேவையில்லை. சாலையில் இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மையாக வேலை செய்யும். ஒரு குறை உண்டு. வழுக்கும் சக்கரத்தின் விசையைப் பெருக்கித்தான் இது மறுபக்கத்துக்கு அனுப்புகிறது, ஆகவே ஒரு சக்கரம் முழுவதும் அந்தரத்தில் தொங்கினால் பெருக்குவதற்கு அங்கே விசையே இல்லாததால் ஓப்பன் போலாகிவிடும். அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கம் இழுக்கத் தொடங்கும்.

தினசரிப் பயணமும் பனிக்காலமும்தான் உங்கள் தேவை, வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்றால் ட்ரூடிராக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. வண்டியின் மொத்த மதிப்பே இரண்டாயிரம் டாலர் என்றால், பழைய டிராக்ஷன் லாக் ஒன்றை வாங்கிப் புதுத் தட்டுகள் போடுவதே அறிவு. உள்பற்சக்கரங்களை மட்டும் மாற்றும் மலிவான 'லாக்கர்' வகையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம்) அமைக்கும் வேலை அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது லிமிடெட் ஸ்லிப் அல்ல; விசை கொடுத்தவுடன் இரு சக்கரங்களையும் முழுமையாகப் பூட்டும். பனி உறைந்த சாலையில் பின்பாரம் குறைந்த பிக்கப்புக்கு அது நல்லதல்ல.

4. செலவுக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே இவற்றைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி யார்டில் கேரியரை மட்டும் நீங்களே கழற்றி எடுத்தால் சுமார் 50 முதல் 120 டாலர். முழு ஆக்ஸிலாக வாங்கினால் 150 முதல் 300. புதிய டிராக்ஷன் லாக் 300 முதல் 450, ட்ரூடிராக் 550 முதல் 750. தட்டுகளின் மறுசீரமைப்புத் தொகுப்பு 70 முதல் 120.

இதோடு முடிவதில்லை. பட்ஜெட் போடுகிறவர்கள் மறந்துவிடும் பட்டியல் ஒன்று இருக்கிறது: கேரியரின் இரண்டு பக்க பேரிங்குகள், ஷிம் தொகுப்பு, ஆக்ஸில் ஷாஃப்ட் சீல் இரண்டு, ஏபிஎஸ் பல்வளையம், குறுக்குப் பின்னை (கேரியருக்குள் உள்பற்சக்கரங்களைத் தாங்கும் உலோகத் தண்டை) பூட்டும் போல்ட், புதிய கிரவுன் வீல் போல்ட்டுகள், மூடிக்கான சிலிகான் பசை, மூன்று லிட்டர் கியர் எண்ணெய், உராய்வு மாற்றி, போல்ட் தளராமல் பிடிக்கும் நூல்பூட்டுப் பசை, பிரேக் கிளீனர் நாலைந்து டப்பா. இவை சேர்ந்து 200 டாலரை எளிதில் தாண்டும். கேரியர் வாங்கும் அன்றே எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். வண்டியைத் தாங்கிமேல் ஏற்றிய பிறகு ஒரு சிறிய சீலுக்காக மூன்று நாள் காத்திருப்பது கொடுமை.

பட்டறைக் கூலி, பொருள் நீங்கலாக, 400 முதல் 900 டாலர் வரை கேட்பார்கள். ஒரே ஊரில் இரண்டு பட்டறைகளுக்கு நடுவே இருமடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

யார்டில் பழையதை எடுக்கும்போது மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். மூடியின் அடியில் மாவுபோன்ற சாம்பல் படிவு இயல்பு. மின்னும் செதில்களும் உடைந்த துண்டுகளும் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்பற்சக்கரங்களின் முனைகள் உடைந்திருக்கின்றனவா, எஸ் வில் விரிசல் விட்டிருக்கிறதா, நீலம் பாரித்த சூட்டுத் தடம் இருக்கிறதா என்றும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பில்லில் எந்த வண்டி, எந்த ஆண்டு, ஸ்ப்ளைன் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். 'ஆக்ஸில் பாகம்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து மாற்றிக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், பணமாகத் தருவார்களா, கடையிலேயே செலவழிக்கும் வரவாகவா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

5. கருவிகளும் நேரமும்

இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ஸ்பேனர், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் டயல் கேஜும் அதற்கான காந்தத் தாங்கியும், பேரிங் புல்லர், பிரஸ், பற்களில் பூசும் குறியிடு பசை, நான்கு வலுவான தாங்கிகள், மைக்ரோமீட்டர். டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கண்ணளவில் செய்த டிஃபரன்ஷியல் சில நூறு மைலில் ஊளையிடத் தொடங்கும், பிறகு கிரவுன் வீலும் பினியனும் சேர்ந்தே போகும். பெரிய உதிரிபாகக் கடைகள் பல, வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு சில கருவிகளை இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் தொகை முழுவதும் கிடைக்கும். பேரிங்கை அழுத்தி ஏற்றும் வேலையை மட்டும் ஒரு மெஷின் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம், செலவு அதிகமில்லை.

முதன்முறை செய்கிறவருக்கு இரண்டு முழு நாட்கள் தேவை. வார இறுதியில் தொடங்கினால் பட்டறையும் கடையும் ஞாயிறன்று மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது. முதல் பனி விழுவதற்கு முன், அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். குளிரில் சிலிகான் பசை இறுக நேரமாகும், தரையில் படுத்து வேலை செய்யவும் முடியாது.

6. கழற்றுதல்: அளந்த பிறகே அவிழ்க்க வேண்டும்

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின்பகுதியைத் தாங்கிமேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றுங்கள். மேலே ஹவுசிங்கில் ஒரே போல்ட்டில் நிற்கும் ஏபிஎஸ் சென்சாரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போதே கேரியரை இழுத்தால் உடைந்துவிடும்.

மூடியைத் திறப்பதற்கு முன் எண்ணெய் நிரப்பும் அடைப்பான் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை வெளியேற்றிய பிறகு நிரப்பும் வழி திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். இந்த ஆக்ஸிலில் எண்ணெய் வெளியேற்றும் அடைப்பான் கிடையாது. மூடியின் கீழ்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கீழே தட்டு வைத்து வடியவிட வேண்டும்.

இப்போது அளவீடு. டயல் கேஜின் முனையை ஒரு கிரவுன் வீல் பல்லின்மேல் வைத்து, பினியன் அசையாமல் கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அது ஆடும் அளவு, அதாவது பற்களுக்கிடையே உள்ள இடைவெளிதான் பேக்லாஷ். மூன்று நான்கு இடங்களில் எடுத்து எழுதுங்கள். ஃபோர்டின் வரம்பு 0.008 முதல் 0.015 அங்குலம். ஆனால் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்களுக்கு அவை ஏற்கெனவே இருந்த இடைவெளியே உகந்தது, அதையே திரும்பக் கொண்டுவருவது உங்கள் இலக்கு. பிறகு சில பற்களில் குறியிடு பசை பூசிச் சுற்றி, தடம் பல்லின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று படம் எடுங்கள். இந்தப் படமும் அந்த எண்களும் கையில் இருந்தால் பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் பதில் இருக்கிறது.

அடுத்து குறுக்குப் பின்னின் பூட்டு போல்ட். இது மெல்லியது, பழைய வண்டியில் முறிவதற்குப் பேர்போனது. ஆறு பக்க சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள், சூடான காற்றால் அந்த இடத்தைச் சற்றே சூடாக்கி நூல்பூட்டுப் பசையை இளக்குங்கள், மெதுவாகத் திருப்புங்கள். வெளியே வந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். குறுக்குப் பின்னை உருவி எடுத்த பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையோ ஆக்ஸிலையோ சுற்றாதீர்கள். சுற்றினால் உள்பற்சக்கரங்கள் இடம்பெயர்ந்து வெளியே உருண்டுவரும், குறுக்குப் பின் திரும்ப நுழையாது. ஷாஃப்ட்டை உள்நோக்கித் தள்ளினால் சி வடிவக் கிளிப் விடுபடும். அதை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை நேராக, சீலைக் கிழிக்காமல் வெளியே இழுங்கள்.

ஷாஃப்ட்டில் பேரிங் உருளைகள் ஓடிய இடத்தை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். இங்கே உருளைகள் ஷாஃப்ட்டின் மேற்பரப்பிலேயே நேரடியாக ஓடுகின்றன. குழி விழுந்திருந்தால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை, ஷாஃப்ட் மாற்ற வேண்டும்.

பேரிங் மூடிகளில் இடது, வலது, மேல் திசை என்று பஞ்ச் வைத்துக் குறியிடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, இடம் மாறக் கூடாது. கேரியர் இறுக்கமாக இருக்கும். துணி சுற்றிய நெம்புகோலால் மெதுவாக வெளியே எடுக்கும்போது, இரு பக்க ஷிம்களும் விழாமல் பிடித்து, எது எந்தப் பக்கம் என்று எழுதி மைக்ரோமீட்டரால் அளந்து வையுங்கள். ஆலையில் வைத்தவை வார்ப்பிரும்பு ஷிம்கள். சுத்தியலால் தட்டினால் நொறுங்கும்.

7. பழைய கேரியரிலிருந்து புதியதற்கு

கிரவுன் வீலின் 10 போல்ட்டுகளையும் சில சுற்றுகள் தளர்த்தி, தலைகளை மாறிமாறித் தட்டி வீலை இறக்குங்கள். ஏபிஎஸ் பல்வளையம் கேரியரில் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். கழற்றும்போது அது பெரும்பாலும் வளைந்துவிடும், ஆகவே புதியதை வாங்குவதே சரி. கிரவுன் வீலைப் பொருத்துவதற்கு முன்பே அதை ஏற்றியாக வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் மூடிவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

கேரியரின் விளிம்பிலும் கிரவுன் வீலின் உள்விளிம்பிலும் ஒரு தூசி கூட இருக்கக் கூடாது. வீலைச் சற்றுச் சூடாக்கினால் எளிதில் உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். போல்ட்டுகளுக்கு நூல்பூட்டுப் பசை இட்டு, எதிரெதிராக, படிப்படியாக 70 முதல் 85 அடி-பவுண்டு (முறுக்குவிசையின் அளவு) வரை இறுக்குங்கள்.

பழைய டிராக்ஷன் லாக்கில் புதுத் தட்டுகள் போடுவதானால், பொருத்துவதற்கு முன் அவற்றை உராய்வு மாற்றியில் நன்றாக ஊறவையுங்கள். எஸ் வில்லைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கண்ணாடி அணியுங்கள், அது முகத்தை நோக்கிப் பாயக்கூடிய விசை கொண்டது.

8. ஷிம் அமைத்தல்

பொறுமையை முழுவதும் கேட்கும் கட்டம் இதுதான். பழைய ஷிம்களின் அளவிலேயே தொடங்குங்கள். கேரியர் மாறியதால் பேக்லாஷ் சற்று மாறியிருக்கும். பேக்லாஷ் கூடுதலாக இருந்தால் கிரவுன் வீல் பினியனை நோக்கி நகர வேண்டும், குறைவாக இருந்தால் விலக வேண்டும். ஒரு பக்கம் எடுத்த அளவை மறுபக்கம் சேர்த்துவிடுங்கள். இரு பக்கமும் சேர்ந்த மொத்தத் தடிமன் மாறாமல் இருந்தால்தான் பேரிங் மேல் உள்ள அழுத்தம் மாறாது. 0.010 அங்குல ஷிம்மை இடம் மாற்றினால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.007 மாறும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கேரியர் கையால் தள்ளியவுடன் தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் போதவில்லை. கடைசி ஷிம் மென்மையான சுத்தியலின் சில தட்டல்களுக்குப் பிறகே உள்ளே போக வேண்டும். பேரிங் மூடிகளையும் 70 முதல் 85 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு அளவெடுங்கள். தளர்ந்த மூடியோடு எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. கிரவுன் வீலின் பின்முகம் சுழலும்போது 0.004 அங்குலத்துக்கு மேல் ஆடினால் எங்கோ அழுக்கு சிக்கியிருக்கிறது என்று பொருள், கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

கடைசியாகப் பசை பூசித் தடம் எடுங்கள். முதலில் எடுத்த படத்தோடு ஒத்துப்போனால் முடிந்தது.

9. மூடி, எண்ணெய், முதல் ஓட்டம்

ஷாஃப்ட், சி கிளிப், குறுக்குப் பின், புதிய பூட்டு போல்ட் என்ற வரிசையில் மாட்டுங்கள். பூட்டு போல்ட்டுக்கு 15 முதல் 30 அடி-பவுண்டு போதும். மூடியும் ஹவுசிங்கும் சேரும் இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துச் சிலிகான் பூசி மூடுங்கள். பசை டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருந்து எண்ணெய் ஊற்றுங்கள். சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும்.

டிராக்ஷன் லாக் என்றால் ஃபோர்டின் எக்ஸ்எல்-3 உராய்வு மாற்றி 4 அவுன்ஸ் கட்டாயம். ட்ரூடிராக் என்றால் அது கூடாது. தாது எண்ணெய் அடிப்படையிலான கியர் எண்ணெயையே அதன் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். 'எல்லா லிமிடெட் ஸ்லிப்புக்கும் ஏற்றது' என்று எழுதிய எண்ணெய்களில் உராய்வு மாற்றி ஏற்கெனவே கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள்.

சக்கரங்களை மாட்டிய பிறகு காலி இடத்தில் எட்டு வடிவத்தில் இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக ஓட்டுங்கள், தட்டுகளுக்கு நடுவே எண்ணெய் ஏறட்டும். திருப்பத்தில் கடகடவென்று அதிர்ந்தால் உராய்வு மாற்றி போதவில்லை. சோதிக்க வேண்டுமென்றால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில், டார்க் ஸ்பேனரால் சுற்றிப் பாருங்கள். நகரத் தொடங்க குறைந்தது 20 அடி-பவுண்டு தேவைப்பட வேண்டும். அந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடாதீர்கள். தரையில் நிற்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கிலிருந்து குதித்துவிடும். இந்த எச்சரிக்கையை வீட்டில் வண்டியைத் தொடும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பனியில் ஓட்டும் முறையும் மாறுகிறது. முன்பு ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது வண்டியை நேராகப் பிடித்திருக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து வழுக்கினால் பின்பகுதி பக்கவாட்டில் ஓடும். ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் முதல் பனியன்றே பழகிக்கொள்ளுங்கள், பின்பெட்டியில் ஆக்ஸிலுக்கு நேர்மேலே இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டி வையுங்கள். பின்டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். அளவு வேறுபட்டால் நேர்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உரசித் தேயும்.

10. பட்டறையில் கொடுத்தால்

எல்லோரும் தாமே செய்ய வேண்டியதில்லை. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: டிஃபரன்ஷியல் வேலையை அவர்களே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? நீங்கள் கொண்டுவரும் பொருளைப் பொருத்துவார்களா? அப்படியானால் உழைப்புக்கு உத்தரவாதம் உண்டா? முன்னும் பின்னும் எடுத்த பேக்லாஷ் அளவைப் பில்லில் எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் பட்டறையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஒரு பட்டறையில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மதிப்பீட்டையே தர மறுத்துவிட்டார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கலிபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்து மதிப்பீடு தருவது சட்டப்படி பட்டறையின் கடமை, முன்கூட்டியே கேட்டால் கழற்றிய பாகங்களையும் திருப்பித் தர வேண்டும். உங்கள் மாநிலத்தில் விதி எதுவாக இருந்தாலும் பழைய கேரியர் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். மாற்றினார்களா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பழைய கியர் எண்ணெயைக் குப்பையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். பெரிய உதிரிபாகக் கடைகள் பல அதை இலவசமாக வாங்கிக்கொள்கின்றன, மூடியுள்ள கலனில் கொண்டுபோனால் போதும்.

500 மைல் ஓடியதும் மூடியின் ஓரத்திலும் ஷாஃப்ட் சீல்களிலும் கசிவு பாருங்கள். கதவு லேபிளும் பழைய தகடும் இன்னும் ஓப்பன் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே மூடிப் போல்ட் ஒன்றில் புதுத் தகடு மாட்டி, என்ன வகை, எந்த எண்ணெய், உராய்வு மாற்றி தேவையா இல்லையா, எந்தத் தேதியில் மாற்றியது என்று பொறித்து வையுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றுகிறவர் வேறொருவராக இருக்கலாம்.